மனச்சிதைவு உள்ளவரின் நினைவும் கவனமும் தடுமாறும்போது என்ன செய்யலாம்

குரல்கள் அடங்கிவிட்டன. சந்தேகங்கள் தணிந்துவிட்டன. மாத்திரைகள் நேரத்துக்கு உள்ளே போகின்றன, இரவில் உறக்கமும் வருகிறது. ஆனாலும் காலை பத்து மணிக்குப் பல் துலக்காமல் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். சொன்ன வேலையில் பாதியைச் செய்து மீதியை அப்படியே விட்டுவிடுகிறார். ஐந்து நிமிடங்களுக்கு முன் கேட்டதையே மறுபடியும் கேட்கிறார். இல்லாத குரல்கள் காதில் கேட்பதும் ஆதாரமற்ற சந்தேகங்கள் எழுவதுமாக வாட்டும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் "நோய் சரியாகிவிட்டது, இனி இருப்பது சோம்பல்" என்ற முடிவுக்கு வருகின்றன. நானும் அந்த முடிவுக்கு வந்தவள்தான்.

ஒரு நாள் காலை, மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்தில் என் தம்பியிடம், "குளித்துவிட்டு, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குள் வாசலுக்கு வந்துவிடு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது குளியலறை வாசலில் சட்டையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தான். உள்ளே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அக்கா, அடுத்து என்ன சொன்னாய்?" என்று கேட்டான். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்துக் கத்திவிட்டேன். அவனுடைய மூளை அந்த நான்கு செய்திகளையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ள முடியாமல் இரண்டாவதிலேயே கை நழுவவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டை மற்றவர்கள் இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூளையில் நடப்பது

வழிமுறைகளுக்குப் போகுமுன் காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். காரணம் புரிந்தால்தான் கோபம் குறையும், கோபம் குறைந்தால்தான் கீழே சொல்லப்போகும் எதுவும் பலிக்கும். 1890களில் இந்நோயைத் தனியாக வகைப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின், சிந்திக்கும் திறனில் ஏற்படும் சரிவே இதன் அடையாளம் என்று கருதி, இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தார். அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை முன்வைத்தார். கிரெப்லின் நினைத்ததுபோல் எல்லோருக்கும் அறிவு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போவதில்லை என்பது பின்னர் தெளிவாகியது. பலரிடம் நினைவிலும் கவனத்திலும் சிறு குறைகள் முதல் தடவை நோய் வெளிப்படுவதற்கு முன்பே தோன்றியிருக்கின்றன. அதன்பின் அவை பெரும்பாலும் ஓரளவு நிலையாகவே தொடர்கின்றன. குரல்களும் சந்தேகங்களும் வந்து போகும் அலைகள் என்றால், இந்தத் தடுமாற்றம் அலைகளுக்கு இடையிலும் வடியாமல் நிற்கும் நீர். ஒருவர் தனியாக வாழ முடியுமா, வேலையில் நிலைக்க முடியுமா என்பதைக் குரல்களை விட இந்தத் தடுமாற்றமே அதிகம் தீர்மானிக்கிறது என்பதை 1990களிலிருந்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவருகின்றன.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தின் முயற்சியில் உருவான மேட்ரிக்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு இந்தத் திறன்களை ஏழாகப் பிரிக்கிறது: செய்தியைக் கையாளும் வேகம், கவனத்தை நிலைநிறுத்துதல், செயல்நினைவு, கேட்டதைக் கற்று நினைவில் வைத்தல், பார்த்ததைக் கற்று நினைவில் வைத்தல், யோசித்துச் சிக்கலைத் தீர்த்தல், பிறரின் மனத்தைப் புரிந்துகொள்ளுதல். இவற்றில் பொதுவாக மிகப் பெரிய பின்னடைவைக் காட்டுவது வேகத்தைச் சோதிக்கும் ஓர் எளிய பயிற்சி. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி என்று மேலே ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் கீழுள்ள கட்டங்களை நிரப்ப வேண்டும். கண்ணால் தேடி, மனத்தில் ஒரு நொடி பிடித்துவைத்து, கையால் எழுதி, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவது என்று பல திறன்கள் அதில் ஒரே சமயத்தில் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வேலைகளும் ஏறக்குறைய இதே வகைதான்.

செயல்நினைவு என்பது கையில் இருக்கும் வேலைக்குத் தேவையானவற்றைச் சில நொடிகளுக்கு மனத்தில் ஏந்திக்கொள்ளும் திறன். சிறிய மேசை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிதாக ஒரு பொருளை வைத்தால் ஏற்கனவே இருக்கும் ஒன்று விளிம்பிலிருந்து கீழே விழுகிறது. இந்த மேசை முன்மூளையின் மேற்புறப் பகுதியை நம்பியிருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் துணையோடு ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, தடுப்புச் செல்களின் தாளத்துக்கு இணங்க இயங்கினால்தான் ஒரு செய்தி சில நொடிகள் உயிரோடு இருக்கும். மனச்சிதைவில் அந்தத் தூண்டலும் தாளமும் இரண்டுமே பலவீனமாக இருக்கின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருக்கிறது. புலன்களிலிருந்து வருபவற்றை மூளையின் மேற்பகுதிக்கு அனுப்பும் தலாமஸுக்கும் முன்மூளைக்கும் உள்ள தொடர்பு தளர்ந்திருக்கிறது. மின்விசிறியின் ஓசையும் பக்கத்து அறைப் பேச்சும் உங்கள் குரலைப் போலவே முக்கியமானவையாக வந்து மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். பதின்ம வயதில் எல்லா மூளைகளிலும் தேவையற்ற நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுகின்றன; இந்நோயில் அந்தக் கத்தரிப்பு அளவை மீறியிருக்கலாம் என்ற கருத்துக்கு, 2016இல் சி4 என்ற மரபணுவைப் பற்றி வெளியான ஆய்வு வலுவான ஆதரவைத் தந்தது.

மாத்திரைகள் ஏன் இதைச் சரிசெய்வதில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். இன்று பயன்பாட்டில் உள்ள மனச்சிதைவு மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே மூளையின் ஆழ்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செய்தியைப் பெறும் டி2 ஏற்பிகளை அடக்குவதன் மூலம் குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கின்றன. செயல்நினைவு நடைபெறும் முன்மூளையின் பிரச்சினை வேறு. அதற்கென்றே உருவாக்கப்பட்ட இக்லெபெர்டின் என்ற மருந்து பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. ஆனால் அதன் இறுதிக்கட்ட ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆகவே மருந்து வரும் என்று காத்திருக்காமல், இப்போது கையில் இருக்கும் வழிகளை நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு, இந்தக் கட்டுரையின் வழிமுறைகள் அனைத்தும் அதன்மீதுதான் நிற்கின்றன. திரும்பத் திரும்பச் செய்து கைப்பழக்கமாகும் கற்றல் இந்நோயில் பெருமளவு தப்பிப் பிழைக்கிறது. தானாக நினைவுகூர்வது கடினமாக இருந்தாலும், கண்முன் காட்டினால் அடையாளம் காண்பது அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. ஒன்றைச் செய்யப்போகும் ஆவல் குறைவாக இருந்தாலும், செய்யும் அந்த நேரத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எல்லாத் தடுமாற்றமும் நோயால் வருவதல்ல. சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கும். அவற்றில் முக்கியமானது, கை நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்ற மாத்திரை. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதன் மூலம் அது நடுக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் அதே வேதிப்பொருள் நினைவுக்கும் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் தேவைப்பட்டுத் தொடங்கிய அந்த மாத்திரை, நடுக்கம் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் மருந்துச் சீட்டில் தொடர்ந்துகொண்டிருப்பது மிகவும் சாதாரணம். "இது இன்னும் வேண்டுமா, மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் விறைப்பும் அமைதியின்மையும் திரும்பிவரும். உறக்கத்துக்காகக் கொடுக்கப்படும் மாத்திரைகள், முதன்மை மருந்தின் அளவு, அதை உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றையும் அதே சந்திப்பில் பேசலாம். பகல் முழுவதும் தூங்கிவழியும் ஒருவருக்கு, மருந்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றியே பலன் கிடைப்பதுண்டு.

தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, சர்க்கரை நோய், மனச்சோர்வு, உரத்த குறட்டையோடு வரும் உறக்க மூச்சுத்தடை ஆகியவையும் கவனத்தை மழுங்கடிக்கும். சில மருந்துகளால் எடை கூடியவர்களிடம் மூச்சுத்தடை அதிகம் காணப்படுகிறது. இவற்றுக்கான பரிசோதனைகளை நீங்களே நினைவூட்டிக் கேட்பதில் தவறில்லை. புகைபிடிப்பவர் அதை விடத் தீர்மானித்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகரெட் புகை, குளோசபைன், ஓலன்சபைன் போன்ற மருந்துகளைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றச் செய்கிறது. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, மந்தத்தையும் வேறு ஆபத்துகளையும் உண்டாக்கும்.

எந்தப் படியில் தடுக்குகிறது என்று பாருங்கள்

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் புறப்படுவதுதான் குடும்பங்கள் செய்யும் முதல் தவறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவரே சொல்லட்டும். அவருக்கு எது தொல்லையாக இருக்கிறதோ அதில்தான் முயற்சி பிறக்கும். பிறகு ஒரு வாரம், எதுவும் சொல்லாமல், அந்த வேலை எங்கே நின்றுபோகிறது என்பதை மட்டும் கவனித்து எழுதிவையுங்கள். அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்தால் ஒரு காலத்தில் துன்பப்பட்டவரை மறைந்திருந்து பார்ப்பது நம்பிக்கையையே குலைத்துவிடும்.

தம்பியின் குளியலை எடுத்துக்கொண்டோம். "குளிப்பதில்லை" என்று நான் ஒரே சொல்லில் முடித்துவைத்திருந்த விஷயம், எழுதிப் பார்த்தபோது பதினொரு படிகளாக விரிந்தது. எழுந்திருப்பது, துண்டை எடுப்பது, மாற்று உடையைத் தேர்ந்தெடுப்பது, குளியலறைக்குப் போவது, நீரைத் திறப்பது, சோப்பைத் தேடுவது என்று அது நீண்டது. ஏழு நாட்களில் ஐந்து நாட்கள் அவன் நின்றுபோனது ஒரே இடத்தில்: அலமாரியின் முன்னால். மடித்து அடுக்கிய இருபது சட்டைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். சிறிது நேரத்தில் ஏன் அங்கே வந்தோம் என்பதே மறந்துபோய்க் கட்டிலுக்குத் திரும்பிவிட்டான். குளிப்பதில் அவனுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. நீர் தலையில் விழுந்ததும் அவன் பாட்டை முணுமுணுப்பதைக் கூடக் கேட்டிருக்கிறேன்.

தடுக்கும் படி தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் சின்னதாக இருக்கும். முந்தைய இரவே அவனும் நானும் சேர்ந்து ஒரு சட்டையையும் கால்சட்டையையும் துண்டையும் தேர்ந்து, கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலியில் வைக்கத் தொடங்கினோம். அலமாரி என்ற படியே காலையிலிருந்து அகன்றுவிட்டது. குளிக்கச் சொல்லி நான் போட்ட கூச்சல் எதனாலும் நடக்காதது அந்த நாற்காலியால் நடந்தது.

நினைவூட்டலை எங்கே வைப்பது, எப்படி எழுதுவது

சுற்றுப்புறத்தை மாற்றி மூளையின் சுமையைக் குறைக்கும் இந்த அணுகுமுறையை அமெரிக்க உளவியலாளர் டான் வெல்லிகனும் அவருடைய குழுவினரும் 1990களில் ஒழுங்கான பயிற்சிமுறையாக வடிவமைத்தார்கள். அதில் என்னை மிகவும் தெளிவுபடுத்திய கருத்து, எல்லோருக்கும் ஒரே வகை உதவி பொருந்தாது என்பது. சிலர் தொடங்கவே மாட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு தூண்டல் வேண்டும்: எழுத்து, படம், அலைபேசியின் மணி, கண்ணில் படும் இடத்தில் காத்திருக்கும் பொருள். வேறு சிலர் தொடங்குவார்கள், ஆனால் வழியில் கண்ணில் பட்ட எல்லாவற்றாலும் இழுக்கப்பட்டுவிடுவார்கள். இவர்களுக்கு நினைவூட்டல்களைக் கூட்டுவதை விடப் பொருள்களைக் குறைப்பதே பயன் தரும். குளியலறையில் ஒரு சோப்பு, ஒரு பற்பசை. மேசையில் இன்றைய வேலைக்கான தாள் மட்டும். அலமாரியில் இந்தப் பருவத்துக்கான உடைகள் மட்டும். முதல் வகையினருக்கான அறிவிப்புகளை இரண்டாம் வகையினரின் சுவர் முழுக்க ஒட்டினால் நிலைமை மோசமாகும்.

நினைவூட்டல், செயல் நடக்க வேண்டிய இடத்தில், நடக்க வேண்டிய நேரத்தில் கண்ணில் பட வேண்டும். கூடத்தில் தொங்கும் அழகான அட்டவணையை மூன்றாம் நாளே யாரும் பார்ப்பதில்லை. பல் துலக்கும் நினைவூட்டல் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கட்டும். வெளியே போகும்போது எடுக்க வேண்டியவை கதவின் உட்புறத்தில், கைப்பிடியின் உயரத்தில் எழுதியிருக்கட்டும். ஒரு தாளில் ஒரு வேலை மட்டும் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாகவும் வாக்கியம் சிறியதாகவும், செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்வதாகவும் இருக்க வேண்டும். "மறக்காதே" என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை, எதை மறக்கக்கூடாது என்பதே அங்கு மறந்துபோகும். "காலை மாத்திரை, பிறகு தண்ணீர்" என்பது செயலைக் காட்டுகிறது. முடிந்தால் அவருடைய கையாலேயே எழுதச் செய்யுங்கள். அவருடைய அறையில் உங்கள் கட்டளை தொங்குவதற்கும் அவருடைய குறிப்பு தொங்குவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. கண் பழகிவிட்டால் தாள் சுவரோடு சுவராகக் கரைந்துவிடும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை நிறத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும்.

மாத்திரைகளுக்கு, கிழமைகளின் பெயர் எழுதிய பெட்டியை வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து நிரப்புவது நல்லது. "போட்டேனா இல்லையா?" என்ற சந்தேகத்துக்கு நினைவு பதில் சொல்ல வேண்டியதில்லை, காலியான அறை சொல்லிவிடும். இரண்டு முறை போட்டுவிடும் ஆபத்தும் இதனால் குறைகிறது. அலைபேசி மணி அடிக்கும்போது பெட்டி கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்; மணியை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்கு நடந்துபோகும் பத்து அடிகளுக்குள் அந்த எண்ணம் தொலைந்துபோகக்கூடும்.

பேசும் முறை

ஒரு முறைக்கு ஒரு செய்தி. பேசுமுன் பெயரைச் சொல்லி அழைத்து, அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணையுங்கள். சொன்ன பிறகு அமைதியாக இருங்கள். பதில் வருவதற்கு நமக்குப் பழக்கப்பட்டதை விடக் கூடுதல் நேரம் ஆகும், அந்த இடைவெளியில் நாம் பொறுமையிழந்து அதே செய்தியை வேறு சொற்களில் சொல்லும்போது, அவர் பாதி கையாண்டு முடித்த வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அதே சொற்களை, அதே வரிசையில் திரும்பச் சொல்வதே உதவும்.

"என்ன சொன்னேன், சொல் பார்ப்போம்" என்று சோதிப்பதை விட்டுவிடுங்கள். பதிலாக, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீ புரிந்துகொண்டதை ஒருமுறை சொல்" என்று கேட்டால், பிழை உங்கள் பக்கம் இருக்கக்கூடும் என்ற இடம் கிடைக்கிறது. "இன்று என்ன செய்யப்போகிறாய்?" என்ற திறந்த கேள்வி அவர்மேல் ஒரு மலையை வைக்கிறது, "நடக்கப்போகலாமா, துணி துவைக்கலாமா?" என்று இரண்டைக் காட்டினால் தேர்ந்தெடுக்க முடிகிறது. தானாக நினைவுகூர்வதை விட அடையாளம் காண்பது எளிது என்று மேலே சொன்னது இங்குதான் கைகொடுக்கிறது.

பிறரின் முகக்குறிப்பையும் குரலின் தொனியையும் படிப்பதும் இந்நோயில் கடினமாகிறது. நீங்கள் களைப்பில் மௌனமாக இருந்தால் அதைக் கோபம் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். குத்தலாகச் சொன்னதை நேர்ப்பொருளில் புரிந்துகொள்ளலாம். எனவே மனநிலையைச் சொல்லாலேயே சொல்லிவிடுவது நல்லது: "எனக்குத் தலைவலி, அதனால் பேசவில்லை, உன்மேல் கோபம் எதுவும் இல்லை." எங்கள் வீட்டில் இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ சண்டைகளைத் தொடங்குமுன்பே தடுத்திருக்கிறது.

விருப்பமின்மையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். போன வாரம் பூங்காவில் மகிழ்ச்சியாக இருந்தவர் இந்த வாரம் வரமாட்டேன் என்று மறுத்தால் அது பிடிவாதம் என்று தோன்றும். அந்த மகிழ்ச்சியை முன்கூட்டி மனத்தில் எழுப்பிப் பார்க்கும் திறன்தான் அவரிடம் குறைந்திருக்கிறது. அங்கே எடுத்த புகைப்படத்தைக் காட்டுங்கள். "அன்று திரும்பி வரும்போது நன்றாக இருந்தது என்று நீயே சொன்னாய்" என்று நினைவூட்டுங்கள். அதையும் மீறி மறுத்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

பிழையில்லாமல் கற்பித்தல்

புதிய ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது, "செய்து பார், தவறினால் திருத்துகிறேன்" என்ற வழக்கமான முறை இங்கே பலிப்பதில்லை. செய்த தவறும் சரியான செயலும் இரண்டுமே பழக்கமாகப் பதிந்துவிட, எது தவறு என்பதை நினைவில் வைத்திருக்கும் திறன் குறைவாக இருப்பதால் அடுத்த முறை தவறே முதலில் வந்து நிற்கிறது. எனவே தவறுவதற்கு வாய்ப்பே தராமல் தொடங்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சில நாட்கள் எல்லாவற்றையும் நீங்களே செய்து, கடைசிப் பொத்தானை மட்டும் அவர் அழுத்தட்டும். அது உறுதியான பிறகு கடைசி இரண்டு படிகள் அவருடையவை. தேவையில்லாத பொத்தான்களை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு, அழுத்த வேண்டியதில் மட்டும் சிவப்புப் புள்ளி ஒன்றை ஒட்டலாம். "இதுவா?" என்று ஊகிக்க விடாதீர்கள், தயங்கினால் உடனே காட்டிவிடுங்கள். ஒரு படியில் பலமுறை தடையில்லாமல் போன பிறகே அடுத்த படி. மெதுவாகத்தான் நகரும், ஆனால் இப்படிக் கற்றது நிலைக்கிறது.

பயிற்சியும் உடலுழைப்பும்

அறிதிறன் மறுசீரமைப்புப் பயிற்சி என்ற சிகிச்சை உள்ளதா என்று உங்கள் மனநலக் குழுவிடம் கேளுங்கள். கணினியிலோ தாளிலோ படிப்படியாகக் கடினமாகும் பயிற்சிகளை, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து நடத்துவார். 130 ஆய்வுகளையும் 8851 பேரையும் உள்ளடக்கிய 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு, சிந்திக்கும் திறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் இதனால் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை முன்னேற்றம் கிடைப்பதைக் காட்டியது. அதிகப் பலன் கிடைத்தது எங்கே என்பதையும் அது சொன்னது: பயிற்சியாளர் முனைந்து வழிநடத்திய இடங்களில், உத்திகளை எடுத்துப் பேசிய இடங்களில், கற்றதை வேலைக்கும் வாழ்க்கைக்கும் பயன்படுத்த ஏற்பாடு இருந்த இடங்களில். எனவே அலைபேசியில் மூளை விளையாட்டுகளைப் பதிவிறக்கித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில் நான் நம்பிக்கை வைக்கமாட்டேன். விளையாட்டில் அவர் தேறிவிடுவார், மருந்துச் சீட்டு மறுபடியும் வீட்டிலேயே கிடக்கும்.

மூச்சு வாங்கும் அளவுக்கான உடற்பயிற்சியும் உண்மையான மருந்து. 385 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, செயல்நினைவும் கவனமும் பிறரைப் புரிந்துகொள்ளும் திறனும் மேம்பட்டதைக் காட்டியது. கூடுதல் நேரம் பயிற்சி செய்தவர்களிடமும், மேற்பார்வையோடு செய்தவர்களிடமும் பலன் கூடுதலாக இருந்தது. நடைமுறையில் இதன் பொருள், "போய் நட" என்று சொல்லாமல் கூடவே நடக்க வேண்டும் என்பதுதான். நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுவதும் இதே அளவு முக்கியமானது.

படிப்பும் வேலையும்

முழுவதும் குணமான பிறகு வேலை பார்க்கலாம் என்று ஒத்திப்போடுவது பல ஆண்டுகளை விழுங்கிவிடும். விரும்புபவரை நேரடியாக உண்மையான வேலையில் சேர்த்து, அங்கே தொடர்ந்து ஆதரவு தரும் முறை, முதலில் நீண்ட பயிற்சி பிறகு வேலை என்ற முறையை விடச் சிறந்த பலன் தருவது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. முதலாளியிடமோ ஆசிரியரிடமோ எதைச் சொல்வது என்பது நோயுற்றவரின் முடிவு. நோயின் பெயரைச் சொல்லாமலேயே தேவையை மட்டும் கேட்க முடியும்: எழுத்தில் தரப்படும் கட்டளைகள், இரைச்சல் குறைந்த இருக்கை, ஒரு வேலை முடிந்தபின் அடுத்தது, சிறு இடைவெளிகள், தேர்வில் கூடுதல் நேரம்.

நோயுற்றவராகிய நீங்களே இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒரே ஒரு குறிப்பேட்டை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே போதும், இரண்டு இருந்தால் எதில் எழுதினோம் என்று தேட வேண்டியிருக்கும். மருத்துவரைப் பார்க்கும்போது, "குரல்கள் இல்லை, ஆனால் படித்த பத்தி நிற்பதில்லை" என்று உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அவர்கள் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

உடனே கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

இதுவரை சொன்ன தடுமாற்றம் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சில நாட்களுக்குள் அது திடீரென்று மோசமானால், உறக்கம் குலைந்தால், பழைய சந்தேகங்கள் எட்டிப்பார்த்தால், நோய் திரும்புகிறதா என்று பார்க்க மருத்துவரை அணுகுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான மருந்து விளைவாக இருக்கக்கூடும். ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரு வேலை பல வாரங்கள் தடையில்லாமல் நடந்துவந்தால், அதற்கான நினைவூட்டலை அவருடன் பேசிக்கொண்டு மெதுவாக விலக்கிப் பார்க்கலாம். கழற்றிய தாளைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். வீடு மாறும்போதும், மருந்து மாறும்போதும், நோய் ஒருமுறை திரும்பிப் போன பிறகும் அது மறுபடி தேவைப்படலாம். அப்போது பழைய தாளையே பழைய இடத்தில் ஒட்டினால் கை அந்த வழியைச் சீக்கிரம் கண்டுகொள்கிறது. தம்பியின் மேசை இழுப்பறையில் உள்ள உறை ஒன்றில் இப்போது ஐந்து தாள்கள் இருக்கின்றன. ஆறாவது தாள், அவனுடைய கையெழுத்தில், மாத்திரைப் பெட்டியின் மூடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது.